ஐந்து வார விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றொரு பழமொழி தமிழர் வீடுகளிலே வழங்கி வருகின்றது. விருந்தினர் கேட்க இதனை எவரும் சொல்வதில்லை. அவர் படலையைக் கடந்து சென்ற பின்னர் சொல்வர். அன்றேல், இவர் என்றைக்குப் போவாரோ என்ற ஏக்கத்தோடு அடுக்களைக்குள் மெல்லச் சொல்வர். மருந்துக்கு மூன்று நாள் போதுமா என்பதை வைத்தியர்தாம் சொல்லவேண்டும். விருந்துக்கு அது பட்டறிவிலே பிறந்த கணக்கு. இந்தக் கணக்கை அறியாத எழுத்தாளர் ஒருவர், கடல் கடந்து, தம் ஆருயிர் நண்பர் என்று தாம் எண்ணியிருந்த மற்றோர் எழுத்தாளரின் வீட்டுக்குச் சென்று ஐந்து வாரம் தங்கிவிட்டார். 1857ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்திலே நிகழ்ந்தது அது. வந்தவர் டென்மார்க் நாட்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன். வரவேற்றவர் சார்ள்ஸ் டிக்கின்ஸ்.

இருவர் பெயரையும் பள்ளிக்கூடத்து மாணவரும் அறிவர். அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையையும், அரசன் உடுத்த புத்தாடையின் கதையையும், தீக்குச்சி விற்ற சிறுமியின் கதையையும் எழுதியவர் அண்டர்சன். ஒலிவர் ருவிஸ்டையும் டேவிட் கொப்பர்பீல்டையும் படைத்தவர் டிக்கின்ஸ். அண்டர்சன் 1805இல் ஒடென்சே என்னும் ஊரிலே, சப்பாத்துத் தைக்கும் தந்தைக்கும் பிறர் துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கும் மகனாய்ப் பிறந்தார். அவருக்கு ஏழாண்டு இளையவரான டிக்கின்ஸோ, தந்தை கடனுக்காகச் சிறையிலிருக்க, பன்னிரண்டு வயதிலே சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பிள்ளை. இருவரும் வறுமையிலிருந்து எழுத்தினாலேயே உயர்ந்தவர்கள். இவர்கள் நண்பராவதற்கு வேறென்ன வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். அண்டர்சனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அண்டர்சனுக்கும் பிறரைச் சென்று காணுவதற்கும் இராசிப் பொருத்தம் என்றுமே சரியாக அமைந்ததில்லை. டிக்கின்ஸ் வீட்டுக் கதைக்குப் போகுமுன், பதின்மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, பேர்லின் நகரத்து நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. அண்டர்சனே தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கின்றார்.

1844ஆம் ஆண்டில் பேர்லினுக்குச் சென்ற அவர், நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற கிறிம் சகோதரர்களைக் காண விரும்பினார். அறிமுகக் கடிதம் எதனையும் கொண்டு செல்லவில்லை. அந் நகரத்தில் வேறெவர் தம்மை அறியாவிட்டாலும், கதைகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் அச் சகோதரர்கள் அறியாதிருப்பரோ என்பது அவர் எண்ணம். கதவைத் திறந்த பணிப்பெண், இருவரில் எவரைக் காணவேண்டும் என்று கேட்டாள். அதை அவர் யோசித்து வரவில்லை. அதிகமாக எழுதியவர் எவரோ அவரை என்றார். படிப்பிலே பெரியவர் யாக்கோப்தான் என்றாள் அவள். அப்படியானால் அவரிடமே அழைத்துச் செல் என்றார் இவர்.

யாக்கோப் கிறிம் எதிரே நின்றார். தம் பெயர் அவருக்கு முற்றிலும் புதியதாயிராது என்ற நம்பிக்கையில் கடிதமின்றி வந்திருப்பதாக அண்டர்சன் சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டார் கிறிம். பெயரைச் சொன்னதும், அப்படியொரு பெயரைக் கேட்ட நினைவில்லையே, என்ன எழுதியிருக்கின்றீர்கள் என்று சங்கடத்தோடு வினவினார். கதைகளைச் சொன்னார் அண்டர்சன். அறியேன் என்றார் அவர். வேறு நூல்களின் பெயர்களைச் சொன்னார். தலையசைப்பே விடையாக வந்தது. கடைசியில், டென்மார்க்கிலே வெளிவந்த பலநாட்டுக் கதைத் தொகுதி ஒன்று உங்களுக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றதே, அதிலாவது என் கதை ஒன்று உண்டே என்று மன்றாடும் நிலைக்கு வந்துவிட்டார். அதையும் படிக்கவில்லை என்றார் அந்த நல்ல மனிதர். தம்பி வில்ஹெல்மிடம் அழைத்துச் செல்லட்டுமா என்றும் அன்போடு கேட்டார். ஒரு கிறிம்மிடம் பட்டது போதும் என்று கைகுலுக்கிவிட்டுத் தெருவுக்கு விரைந்தார் அண்டர்சன். தான் எழுதியவற்றைத் தானே ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற விடையைப் பெறுவதைப் போன்ற துன்பம் ஓர் எழுத்தாளனுக்கு வேறில்லை.

அந்த மாதம் முடியுமுன்னரே யாக்கோப் கிறிம் கொப்பன்கேகனுக்கு வந்தார். இடையிலே அண்டர்சன் யார் என்பதை அவர் அறிந்துகொண்டிருந்தார். ஆகவே, வந்திறங்கியதும் பயண உடையைக்கூட மாற்றாமல் நேரே அண்டர்சனின் இருப்பிடத்துக்கு விரைந்தார். அங்கே என்ன காட்சி? அண்டர்சன் நாட்டுப்புறத்துக்குப் புறப்படும் அவசரத்திலே பெட்டியில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களே பேச முடிந்தது. பேர்லினில் தமக்குக் கிடைத்த வரவேற்பு எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு சுருக்கமாகவே தாமும் அவரை வரவேற்றதாக அண்டர்சன் எழுதுகின்றார். ஆயினும் பிழை தீர்ந்துவிட்டது. மறுமுறை பேர்லினிலே கண்டபோது பழைய நண்பர்களைப் போலவே பழகினர். அன்றைக்கே என்னிடம் வந்திருந்தால் உங்களை எனக்கு நன்றாகத் தெரிந்திருக்குமே என்று வில்ஹெல்மும் சொன்னாராம்.

டிக்கின்ஸை அண்டர்சன் முதன்முதற் கண்டது 1847ஆம் ஆண்டு ஜூலையில், இலண்டனிலே, பிளெசிங்ரன் சீமாட்டியாரின் மாளிகையில். இருவரும் கைபற்றிக்கொண்டு விறாந்தைக்குச் சென்றனர். இங்கிலாந்திலே தாம் யாவரினும் மேலாகப் போற்றிய எழுத்தாளரை நேரிற் கண்ட மகிழ்ச்சியினால் அண்டர்சனின் கண்கள் கலங்கிவிட்டன. பின்னொரு நாள் டிக்கின்ஸ் அவர் தங்கிய இடத்துக்குத் தேடிச் சென்றார். இவர் வெளியே போயிருந்தார். டிக்கின்ஸ் தம் நூல்களை அன்பு மொழி எழுதிக் கையொப்பமிட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். ஓகஸ்ட் மாத முடிவிலே இராம்ஸ்கேற் துறையில் அண்டர்சன் கப்பலேறியபோது, பக்கத்து ஊரிலே தங்கியிருந்த டிக்கின்ஸ் துறைமேடைக்கு வந்து வழியனுப்பினார். ஆங்கில மண்ணிலே கடைசியாகத் தம் கையைப் பற்றிய கை அதுவே என்பதை அண்டர்சன் மறக்கவில்லை.

பழகிய பழக்கம் இவ்வளவுதான். சில மணி நேரம் என்று சொன்னாலும் தகும். எஞ்சியதெல்லாம் பத்தாண்டுக் காலக் கடிதங்கள். டிக்கின்ஸோ கடிதம் எழுதுவதில் மன்னர். அன்பு காட்டத் தொடங்கினால் குறைவைத்துக் காட்டத் தெரியாதவர். எங்கள் வீட்டுக்கே வந்து தங்கவேண்டும், உங்களை மகிழ்விக்க எல்லோரும் முயல்வோம் என்ற கருத்துப்பட 1856இல் அவர் எழுதினார். இத்தகைய அழைப்புகளுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை எவரும் கடிதத்தில் எழுதுவதில்லை, படிப்பவர்தாம் உணர்ந்துகொள்ளவேண்டும். தமிழர் வீட்டிலும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று படலையடியில் நின்று சொல்வதற்கும், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து சொல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ? அண்டர்சன் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வாரம், மிஞ்சினால் இரு வாரம் தங்குவதாகப் பதில் எழுதிவிட்டுப் புறப்பட்டார்.

1857ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி அவர் கென்ற் மாகாணத்திலுள்ள காட்ஸ் ஹில் வீட்டை அடைந்தார். டிக்கின்ஸ் சிறுவனாயிருந்தபோது தந்தையோடு நடந்து செல்லுகையில் வெளியே நின்று பார்த்து ஆசைப்பட்ட வீடு அது. நாற்பத்து நான்காம் வயதிலே அதனை விலைக்கு வாங்கி, அந்தக் கோடையிலேதான் குடிபுகுந்திருந்தார். விருந்தினரை ஏற்பதற்கு அதைவிடப் பொல்லாத காலம் வேறிருக்க முடியாது. டிக்கின்ஸின் நெருங்கிய நண்பரான டக்லஸ் ஜெரல்ட் என்னும் எழுத்தாளர் மூன்று நாளைக்கு முன்னர்தான் இறந்திருந்தார். அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்டுவதற்காக டிக்கின்ஸ் வாசிப்புக் கூட்டங்களையும் நாடகங்களையும் ஒழுங்கு செய்துகொண்டு இலண்டனுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாம் மகன் படைச் சேவைக்காக இந்தியாவுக்குக் கப்பலேறவிருந்தான். எல்லாவற்றிலும் மேலாக, டிக்கின்ஸுக்கும் மனைவியாருக்குமிடையே இருந்த உறவு முறியும் நிலையை அடைந்திருந்தது. மறு ஆண்டில் இருவரும் பிரிந்தே போயினர். அண்டர்சன் கண்ணிலோ இவற்றில் ஒன்றும் படவில்லை. டேவிட் கொப்பர்பீல்ட் நூலில் வரும் ஆக்னெஸ் என்னும் உத்தமியே அவ்வீட்டுத் தலைவியாக நடமாடுவதைக் கண்டு அவர் உள்ளம் பூரித்தார். அவர் தங்கியது ஒரு வீட்டில் அன்று, ஒரு நாவலில் என்றே சொல்லவேண்டும்.

முதல் தொல்லை மொழி. அண்டர்சனின் ஆங்கிலம் அவருக்கு மட்டுமே விளங்கும். பிரெஞ்சும் ஜெர்மனும் பேசினால் நிலைமை இன்னும் மோசம். அவர் பேசுவது ஜெர்மன் என்று எந்தக் காதும் கண்டுகொள்ளாது என்று டிக்கின்ஸின் மூத்த மகன் சத்தியம் செய்தான். தம் வீட்டுக்கு வரவிருந்த ஒருவருக்கு டிக்கின்ஸ் எழுதிய கடிதத்தில், அண்டர்சனும் இருப்பார், அவர் தம் டேனிஷ் மொழியன்றி வேறெதுவும் பேசமாட்டார், அதைத்தானும் அறிவாரோ என்பது ஐயம் என்று கேலி செய்திருக்கின்றார். அண்டர்சனின் நூல்களை ஆங்கிலத்தில் ஆக்கிய அம்மையாரே தமக்கு டேனிஷ் பேசத் தெரியாது என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டாராம்!

அடுத்தது சவரம். வந்த மறுநாட் காலையிலேயே அண்டர்சன் வீட்டின் மூத்த மகனை அழைத்து, தமக்கு முகச்சவரம் செய்துவிடுமாறு கேட்டார். அவன் இருபது வயது இளைஞன். தந்தையோ நாடறிந்த பெருமகன். தம்பிமார் கொதித்தெழுந்தனர். விருந்தினர் இதனை உபசாரத்தின் ஒரு பகுதியாகவே கருதினார் போலும். அதன் பின்னர் அவரை நாள்தோறும் றொச்செஸ்ரர் நகரத்துச் சவரக் கடைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இராப்போசனத்துக்குப் பெண்களை ஆண்கள் கைகொடுத்து அழைத்துச் செல்லும் வழக்கத்தைக் கண்ட அண்டர்சன், ஒருநாள் திடீரென்று டிக்கின்ஸின் கையைப் பற்றித் தம் கையோடு கோத்துக்கொண்டு, வெற்றி வீரரைப் போல உணவறைக்குள் நடந்தார். நாவலாசிரியர் வில்க்கி கொலின்ஸ் அங்கே தங்கியிருந்தபோது, அவர் அறியாமல் அவருடைய தொப்பியைச் சுற்றி வெள்ளைப் பூமாலை ஒன்றைக் கட்டிவைத்தார். கொலின்ஸ் அதனை அணிந்துகொண்டு ஊருக்குள் உலாவச் சென்று, எதிர்ப்பட்டோரெல்லாம் ஏன் சிரிக்கின்றனர் என்று தெரியாமல் விழித்தார்.

இவற்றையெல்லாம் விஞ்சியது சப்பாத்துக் கதை. அண்டர்சன் பிரயாணத்திலே பயந்த சுபாவமுள்ளவர். தங்கும் விடுதி தீப்பற்றினால் யன்னல் வழியாக இறங்குவதற்கென்று பெட்டியில் ஒரு கயிறு கொண்டு திரிபவர். ஒருநாள் அவர் டிக்கின்ஸின் இலண்டன் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரத்திலே இரு காலிலும் ஆணி முளைத்துப் பழுத்தவரைப் போலிருந்தது அந்த நடை. விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. வாடகை வண்டிக்காரன் புதிதாக வெட்டப்பட்டு இன்னும் முடிவடையாத தெருவொன்றின் வழியே வண்டியை ஓட்டியிருக்கின்றான். ஆளரவமற்ற அந்த வழியைக் கண்டதும், கொள்ளையடித்துக் கொல்லத்தான் கொண்டுபோகின்றான் என்று அண்டர்சன் முடிவு கட்டிவிட்டார். உடனே கடிகாரத்தையும் பணத்தையும் சப்பாத்துக்குள் ஒளித்தார். அவற்றோடு நின்றாரா? புகையிரத நேரசூசி, குறிப்புப் புத்தகம், கத்தரிக்கோல், பேனாக்கத்தி, இரண்டொரு நூல்கள், அறிமுகக் கடிதங்கள் யாவும் சப்பாத்துக்குள்ளேயே புகுந்தன. சப்பாத்துத் தைப்பவரின் மகனுக்கன்றி வேறெவருக்கு அவ்வளவையும் அதற்குள் அடக்கும் கைவன்மை வரும்? இதனை டிக்கின்ஸ் தம் நண்பரொருவருக்கு எழுதிய கடிதம் இன்றும் படிப்போரைச் சிரிக்கவைக்கின்றது.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். காகிதத்தை மடித்து வெட்டி, அரண்மனைகளையும் அன்னங்களையும் ஆடும் பெண்களையும் உண்டாக்குவதிலே அண்டர்சனுக்கு ஈடில்லை. காட்ஸ் ஹில் வீட்டிலும் அவர் குழந்தைகளுக்கு அவற்றை வெட்டிக் கொடுத்தார். காட்டிலே அலைந்து சின்னஞ்சிறு பூங்கொத்துகளைக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டாரை மகிழ்விக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு மிக மிக இருந்தது. கதைகளை எழுதியவரைக் குழந்தைகள் வேறு விதமாக எதிர்பார்த்திருக்கவேண்டும். எலும்புந் தோலுமான சலிப்பு மனிதர், போகவே மாட்டேன் என்று இருந்துகொண்டேயிருந்தார் என்ற கருத்தில் டிக்கின்ஸின் மகள் கேற் பிற்காலத்திலே சொன்னார்.

ஜூன் மாதம் முடியுந் தறுவாயில் அண்டர்சனின் புதிய நாவலைக் கண்டித்து இலண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. அவர் புற்றரையிலே குப்புற விழுந்து குழந்தையைப் போல அழுதார். இந்த இடத்தில் டிக்கின்ஸின் நல்ல உள்ளத்தையும் மறைத்தலாகாது. பத்திரிகைகள் தம்மைப்பற்றி எழுதுவதைத் தாம் படிப்பதேயில்லை என்று தேற்றினார். நடந்து செல்லும் வழியில் மணலிலே காலால் எதையோ எழுதி, விமர்சனம் இதுதான் என்று காட்டி, மறுகணம் காலாலேயே அழித்துவிட்டு, போய்விட்டது பாருங்கள் என்றார். அலுப்பும் அன்பும் ஒரே மனிதரிடம் ஒரே வாரத்தில் இருக்கக்கூடியவையே.

அப்படியானால் இவர் ஏன் இரு வாரத்தில் போகவில்லை என்று கேட்கலாம். போவதைப்பற்றி அவர் பேசாமலில்லை. ஜெரல்ட் குடும்பத்துக்காக நடக்கவிருக்கும் நாடகத்தைப் பாராமல் போகவேண்டாம் என்று டிக்கின்ஸ்தாம் அன்பாகக் கேட்டுக்கொண்டார். ஜூலை 4ஆந் திகதி விக்ரோறியா மகாராணியார் முன்னிலையில் டிக்கின்ஸ் நடித்த அந் நாடகத்தை அண்டர்சனும் இருந்து பார்த்தார். உபசாரத்துக்காகச் சொன்ன வார்த்தையா, உள்ளத்தால் சொன்ன வார்த்தையா என்பதை ஆராய அவருக்குத் தெரியாது. அரசனின் புத்தாடைக் கதையிலாவது உண்மையை வாய்விட்டுச் சொல்ல ஒரு குழந்தை இருந்தது. ஒன்பது பிள்ளைகளையுடைய காட்ஸ் ஹில் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அன்பு காட்டும் கடிதம் அவருக்குப் போயிற்று. கேலி செய்யும் கடிதங்கள் மற்றையோருக்குப் போயின. யார் செய்த பிழை என்று கேட்டால், நாட்கணக்கை மறந்த விருந்தினரிலும் பார்க்க, முகத்துக்கு முன் ஒன்றும் முதுகுக்குப் பின் ஒன்றும் சொன்னவரின் பங்கே அதிகம் என்று கருத இடமுண்டு.

ஜூலை 15ஆந் திகதி காலை அண்டர்சன் விடைபெற்றார். டிக்கின்ஸ் தாமே வண்டியோட்டி அவரை மெய்ட்ஸ்ரன் புகையிரத நிலையத்துக்குக் கொண்டு சென்றார். தொண்டை அடைத்துக்கொள்ள அண்டர்சனால் பேசவே முடியவில்லை. டிக்கின்ஸ் வீடு திரும்பியபின், விருந்தினர் படுத்திருந்த அறையின் நிலைக்கண்ணாடியிலே ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். ஹான்ஸ் அண்டர்சன் இவ்வறையில் ஐந்து வாரம் உறங்கினார், குடும்பத்தவருக்கோ அது ஒரு யுகமாகத் தோன்றியது என்பது அதன் பொருள்.

அண்டர்சனுக்கு ஏதோ மெல்ல உறைத்திருக்கவேண்டும். நெருங்கி வாழ்ந்தபோது தம்மிடம் கண்ட குறைகளை மன்னித்து மறந்துவிடும்படி வழியிலிருந்தே எழுதினார். செப்டெம்பரில் டிக்கின்ஸ் அன்பாகவே பதில் எழுதினார். அதுவே கடைசிக் கடிதம். பின்னர் அண்டர்சன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. இலண்டனுக்குச் செல்லும் தம் நண்பர்களிடம் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. 1860இல் அந்த ஐந்து வாரத்தைப்பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலே டிக்கின்ஸின் வீடும் மனைவி மக்களும் தோட்டமும் பொன்னாற் செய்தவைபோல ஒளிர்கின்றன. தம் வாழ்நாளின் இன்பமான நாட்களில் அவை சேர்ந்தவை என்றே அவர் நம்பியிருந்தார்.

1870ஆம் ஆண்டு ஜூன் 9ஆந் திகதி டிக்கின்ஸ் காலமானார். இரு நாள் கழித்துப் பத்திரிகையிற் செய்தியைப் படித்த அண்டர்சன் தம் நாட்குறிப்பை எடுத்தார். இனி இவ்வுலகில் இருவரும் சந்திப்பதற்கில்லை என்றும், தம் பிந்திய கடிதங்களுக்கு ஏன் பதில் எழுதவில்லை என்பதை இனி அவரிடமிருந்து அறிய வழியில்லை என்றும் அதிலே எழுதினார்.